சொல்லுங்க தம்பி

அந்தக் கண் மருத்துவமனையில் அவனை எல்லோரும் கிளி என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் பார்த்துப் பார்த்து வைத்த பெயர் சம்பளச் சீட்டில் சும்மா கிடந்தது. யார் பேச்சும் ஒருமுறை காதில் விழுந்தால் போதும், மறுநிமிடம் அந்த ஆள் அவன் தொண்டைக்குள் வந்து உட்கார்ந்துவிடுவார். டாக்டர் மேடம் லேசாக இருமிவிட்டு "அடுத்தது யாரு, உள்ள வரச் சொல்லுங்க" என்பதை அவன் கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னால், வரவேற்பறைப் பெண் உண்மையாகவே அடுத்த ஆளை எழுப்பி அனுப்பிவிடுவாள். அப்படி அனுப்பி, மேடம் வாய் நிறையச் சாப்பாட்டோடு இருந்த நேரத்தில் ஒரு பெரியவர் எதிரே போய் நின்ற கதையும் உண்டு.

வேலையிலும் அவன் சோடை போனவன் இல்லை. பக்கப்பார்வை சோதனை அறை முழுக்க அவன் பொறுப்பு. அந்தச் சோதனையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும். பெரிய வெள்ளைக் கிண்ணத்தைச் சாய்த்து வைத்தது போல ஒரு கருவி. நோயாளி அதன் விளிம்பில் தாடையை வைத்து, நெற்றியை முட்டுக் கொடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மற்ற கண்ணால் நடுவில் எரியும் மஞ்சள் புள்ளியையே பார்க்க வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொட்டு வெளிச்சங்கள் மின்னி மறையும். கண்ணைத் திருப்பாமலே, ஓரத்தில் ஒன்று மின்னுவது தெரிந்தால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை கடகடவென்று படிக்கிறவர்களுக்குக்கூட ஓரப்பார்வை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கலாம். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்கிற வியாதி அப்படித்தான் வரும், வலிக்காது, சத்தம் போடாது. போன பார்வை போனதுதான். சீக்கிரம் தெரிந்தால் மிச்சத்தைக் காப்பாற்றலாம். அதற்கு முதலில் அந்தக் கிண்ணத்துக்குள் நோயாளி ஒழுங்காகப் பார்த்தாக வேண்டும்.

ஒழுங்காகப் பார்க்க வைப்பதுதான் கிளியின் வேலை. அந்த வருடம் மருத்துவமனையில் நோயாளிகளிடம் எப்படிப் பேச வேண்டும் என்று ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. பக்கத்தில் போகும்போது யார் என்று சொல்லுங்கள், தொடும் முன் சொல்லுங்கள், அவர்கள் பேசி முடிக்கும் வரை பொறுங்கள் என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். கிளி நோயாளியாகவும் ஊழியனாகவும் தானே இரண்டு குரலில் நடித்துக் காட்டி முதல் பரிசைத் தட்டிக்கொண்டு போனான். பரிசாக வந்த சுவர்க்கடிகாரத்தைத் தன் அறையிலேயே மாட்டிக்கொண்டான். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் நோயாளிகளை அவசரப்படுத்தினான்.

தையல்கார அம்மா முதல் தடவை வந்தபோது கழுத்தில் அளவு டேப்பைக் கழற்றாமலே வந்துவிட்டார். அறுபதை ஒட்டிய வயது. எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படித்தார். இன்னும் ஊசியில் தானே நூல் கோக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னார். கண் அழுத்தம் மட்டும் கூடுதலாக இருந்ததால், மேடம் சொட்டு மருந்தும் பக்கப்பார்வை சோதனையும் எழுதிக் கொடுத்தார்.

கிண்ணத்துக்குள் முகத்தைக் கொடுத்துவிட்டால் வெளியே நிற்கிறவன் தெரியமாட்டான். ஆனால் நோயாளியின் கண் கருவியின் திரையில் கிளிக்குப் பெரிதாகத் தெரியும். அது நடுவைவிட்டு நகர்ந்தால் கருவி கீச்சென்று கத்தும். அந்த அம்மாவுக்கும் ஒருமுறை கத்தியது. யாருக்கும் ஆரம்பத்தில் கத்துவதுதான்.

"நடுவுல பாருங்கம்மா" என்றான் கிளி.

அந்த அம்மா கிண்ணத்திலிருந்து தாடையை எடுத்தார். கழுத்தை மட்டும் திருப்பவில்லை, தோள், இடுப்பு எல்லாம் சேர்ந்து நாற்காலியிலேயே இடது பக்கம் முழுசாகத் திரும்பி, அவன் முகத்தைத் தேடிப் பிடித்து, "சொல்லுங்க தம்பி" என்றார்.

"என்னப் பாக்காதீங்கம்மா. உள்ள, அந்த மஞ்சப் புள்ளியப் பாருங்க."

"சரிங்க தம்பி."

கொஞ்ச நேரத்தில் மறுபடி கீச். மறுபடி "நடுவுல பாருங்கம்மா." மறுபடி அந்த முழு உடம்புத் திருப்பம், அதே மரியாதை, அதே "சொல்லுங்க தம்பி." கடைசியில் கருவி கக்கிய தாளில் நம்பகமில்லை என்று இருந்தது. இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, அடுத்த முறை திரும்ப எடுங்கள் என்றார் மேடம்.

இரண்டாம் தடவையும் அதே கூத்துதான், இன்னும் மோசமாக. வெளியே பெஞ்சு நிறைய ஆள். கடிகாரம் வேறு தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்தது. கிளியின் குரல் ஏறிக்கொண்டே போனது.

"உங்களுக்குக் காது கேக்குதாம்மா?"

"நல்லாக் கேக்குது தம்பி. அதனாலதான்..."

"கேட்டா அப்புறம் ஏன் திரும்புறீங்க? புள்ளியப் பாருங்க, புள்ளிய."

அந்த அம்மா சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு கிண்ணத்துக்குள் முகத்தை வைத்தார். பொத்தானைப் பிடித்திருந்த விரல் நடுங்கியது. அதைக் கிளி பார்த்தான். பார்த்தும் பார்க்காதது போலக் குறிப்புக் கட்டத்தில் 'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்று தட்டிவிட்டான். பிறகு மேடம் உள் நரம்பைப் பார்ப்பதற்காகக் கண்ணை விரிக்கும் சொட்டு மருந்தைப் போட்டு, கையில் ஒரு பஞ்சைக் கொடுத்து, இருட்டறையில் உட்கார வைத்தான். கண்ணை மூடிக்கொண்டு இருங்கள், கூப்பிடுவார்கள் என்றான்.

இருட்டறைக்கும் ஊழியர்கள் சாப்பிடும் அறைக்கும் நடுவில் இருப்பது ஒரு பலகைத் தடுப்பு. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் நேரத்தில் மட்டும் ஒருவருக்கும் நினைவிருக்காது.

"இன்னைக்கு என்ன கிளி, உன் ரூம்ல ஒரே சத்தம்?" என்று வரவேற்பறைப் பெண் எடுத்துக் கொடுத்தாள். அவ்வளவு போதும் அவனுக்கு. நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஒரு தட்டைக் கிண்ணமாக எதிரே பிடித்துக்கொண்டு, முதலில் தன் குரலில் "நடுவுல பாருங்கம்மா" என்றான். அப்புறம் உடம்பு மொத்தத்தையும் ஒரு பீரோவை நகர்த்துவது போல மெதுவாக இடது பக்கம் திருப்பி, கண்ணைச் சுருக்கித் தேடி, பணிவாக, "சொல்லுங்க தம்பி."

வரவேற்பறைப் பெண்ணுக்குப் புரையேறியது. மருந்துக் கடைக்காரர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்றார்கள். அவனும் செய்தான். மூன்றாவது தடவை செய்யும்போது, பொத்தான் பிடித்த விரல் நடுங்குவதையும் சேர்த்துக்கொண்டான். அதற்குத்தான் சிரிப்பு அதிகம்.

கை கழுவிவிட்டு, சொட்டு மருந்துப் புட்டியை எடுக்க அவன் இருட்டறைக்குள் போனபோது அங்கே ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். சொன்னது போலவே கண்ணை மூடிக்கொண்டு, பஞ்சை மடியில் வைத்துக்கொண்டு, நேராக உட்கார்ந்திருந்தார். காலடிச் சத்தம் கேட்டதும், "தம்பிதானே?" என்றார்.

கிளியின் முகத்தில் ஈயாடவில்லை. "ஆமாம்மா."

"என் குரல் அப்படியே வருது தம்பி உங்களுக்கு. எங்க வீட்டுக்காரர் உயிரோட இருந்திருந்தா ஏமாந்துபோயிருப்பாரு."

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. நன்றாகத் தைத்த துணியைப் பார்த்துச் சொல்வது போலச் சொன்னார். பிறகு, கண்ணைத் திறக்காமலே, "நான் அவ்வளவு கோணலாவா திரும்புறேன்?" என்று கேட்டார்.

அந்த இடத்தில் ஒரு மனிதன் சொல்லக்கூடிய வார்த்தை ஒன்றுதான். கிளிக்கு அது வாயில் வரவில்லை. "உங்கள இல்லம்மா. அது வந்து... வேற ஒருத்தங்க" என்றான்.

"அப்படிங்களா" என்றார் அந்த அம்மா.

சொன்ன பொய்யை அவர் நம்பவில்லை என்பது பொய் சொன்னவனுக்கும் தெரிந்தது. புட்டியை எடுக்காமலே வெளியே வந்தான். கொஞ்ச நேரம் கழித்து மேடம் கூப்பிட்டபோது இருட்டறையில் நாற்காலி காலியாக இருந்தது, பஞ்சு மட்டும் அதன் மேல் மடித்து வைக்கப்பட்டிருந்தது. விரித்த கண்ணோடு வெயிலில் இறங்கிப் போயிருக்கிறார், கூச்சத்தில் வழி எப்படித் தெரிந்ததோ.

"எங்க அந்த அம்மா?" என்று மேடம் கேட்டார்.

"ஏதோ அவசரம்னு கிளம்பிட்டாங்க மேடம்" என்றான் கிளி. ஒரு பொய்யோடு நிறுத்தியிருந்தாலும் ஒரு நியாயம் உண்டு.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் கிளிக்குச் சாப்பாட்டு அறை வேப்பங்காயாகக் கசந்தது. டப்பாவை எடுத்துக்கொண்டு தன் அறையிலேயே உட்கார்ந்தான். எதிரே வெள்ளைக் கிண்ணம் வாயைத் திறந்துகொண்டு அவனைப் பார்க்கும். வீட்டில் மனைவி "என்ன, வாயத் திறந்தா நிறுத்தமாட்டீங்க, இப்ப ஊமையா இருக்கீங்க?" என்று கேட்டாள். தலைவலி என்றான். நோயாளி யாராவது "தம்பி" என்று கூப்பிட்டாலே காது மடல் சூடாகியது. வரவேற்பறைப் பெண்ணை விட்டு அந்த அம்மாவுக்குப் போன் போடச் சொன்னான். மருமகள் எடுத்து, அத்தை அப்புறம் வருவதாகச் சொன்னார்கள் என்றாளாம். அந்த அப்புறம் வரவே இல்லை. ஒரு பக்கம் அவர் வர வேண்டும் என்றிருந்தது. இன்னொரு பக்கம், வராமலே இருந்துவிட்டால் அந்த முகத்தைப் பார்க்க வேண்டியதில்லையே என்றும் இருந்தது. இந்த இரண்டாவது நினைப்புக்காகத் தன்னைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவனுக்கு.

வரவேற்பறைப் பெண்ணுக்கு வேறு இடத்தில் வேலை கிடைத்தது. கடைசி நாளன்று சாயங்காலம் எல்லோரும் கேக் வெட்டினார்கள். மேடமும் காகிதத் தட்டோடு வந்து நின்றார்.

"போறதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும்" என்றாள் அவள். "கிளி, அந்தத் தையல்கார அம்மா."

"வேணாம். விடு."

"ரொம்பப் பிகு பண்றான் பாருங்க மேடம். நீங்க பாத்ததில்லையே."

"எனக்கும் காட்டுங்களேன்" என்றார் மேடம்.

தப்பிக்க வழியில்லை. ஒரே ஒரு தடவை, சுருக்கமாக முடித்துவிடலாம் என்று நாற்காலியில் உட்கார்ந்தான். "நடுவுல பாருங்கம்மா" என்று தன் குரலில் ஆரம்பித்தான். உடம்பு தானாகத் திரும்பியது. "சொல்லுங்க தம்பி." சிரித்தார்கள். "நடுவுல பாருங்கம்மா." "சொல்லுங்க தம்பி."

மூன்றாவது தடவை வாயைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

இத்தனை தடவை செய்தும் அவனுக்கு உறைக்காதது அப்போதுதான் உறைத்தது. அந்த அம்மா ஒருபோதும் தானாகத் திரும்பியதில்லை. இந்த நடிப்பில் அவன் குரல் முதலில் வராவிட்டால் அந்த அம்மாவின் குரலுக்கு வேலையே இல்லை. அவன் கூப்பிட்டான், அவர் திரும்பினார். ஒருவர் பேசினால் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும் என்று வளர்ந்தவர். அசையாதே என்று சொல்லிச் சொல்லியே அவரை அசைத்துக்கொண்டிருந்தது யார்? நல்லாக் கேக்குது தம்பி, அதனாலதான் என்று அவர் சொல்லத்தான் வந்தார். பேசி முடிக்கும் வரை பொறுங்கள் என்பதை நடித்துக் காட்டிப் பரிசு வாங்கியவன் வாயை அடைத்துவிட்டான்.

"என்ன கிளி, மறந்துபோச்சா?" என்றார் மருந்துக் கடைக்காரர்.

மேடம் சிரிக்கவில்லை. தட்டை மேசையில் வைத்துவிட்டார். "ஒரு நிமிஷம். நீங்க இப்பத் திரும்பினது, அவங்க திரும்பின மாதிரியேவா? இல்ல, சிரிக்கிறதுக்காகக் கூட்டிச் செஞ்சதா?"

"அப்படியேதான் மேடம்."

"எப்பவும் உடம்போடவா? எப்பவும் இடது பக்கமா?"

"நான் இடது பக்கம்தான் நிப்பேன் மேடம்."

"பக்கத்துல நிக்கிற ஆளப் பாக்க நீங்களும் நானும் லேசாக் கண்ணத் திருப்பினாப் போதும், ஓரத்துலயே ஆள் தெரியும். அவங்க முழுசாத் திரும்பித் தேடினாங்கன்னா, அந்தப் பக்கம் அவங்களுக்குத் தெரியவே இல்ல." மேடம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அந்தத் தாள்ல ஒத்துழைக்கலன்னு இருந்துச்சு. நானும் அதப் பாத்துட்டு விட்டுட்டேன். அவங்க ஏன் திரும்ப வரல?"

எல்லோரும் கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவசரம்னு போகல மேடம். பொய் சொல்லிட்டேன்" என்றான் கிளி. "நாங்க இங்க சிரிச்சத அவங்க இருட்டறையில உக்காந்து கேட்டுட்டாங்க."

வரவேற்பறைப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். கடைசி நாள் அவளுக்கு அப்படி முடிந்தது. கிளிக்கு நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அவன் இத்தனை தடவை வரி விடாமல் நடித்துக் காட்டிக் கைதட்டு வாங்கியது அந்த அம்மாவின் குணத்தை அல்ல, அவருடைய வியாதியை.

மறுநாள் காலை அந்த அம்மாவின் தையல் கடை திறக்கும் நேரத்துக்குப் போய் நின்றான். வீட்டின் முன்பக்கம் தெருவோடு ஒட்டிய ஒற்றை அறை. இரண்டு தையல் இயந்திரங்கள், சுவரில் கொக்கி கொக்கியாகத் தைத்து முடித்த துணிகள். அந்த அம்மா கடகடவென்று ஓடும் இயந்திரத்தின் முன் குனிந்திருந்தார். வாசல் அவருக்கு இடது கைப் பக்கம். கிளி படியேறி உள்ளே வந்து, கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றான். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சை, அவர் நிமிர்ந்து பார்த்ததும் ஆரம்பிக்கலாம் என்று வைத்துக்கொண்டான்.

அவர் நிமிரவில்லை. கிளி நின்றான். அவர் ஒரு தையலை முடித்து, நூலை வெட்டி, துணியைத் திருப்பிப் போட்டார். முகத்தைக் கூடப் பார்க்கப் பிடிக்கவில்லை போலிருக்கிறது, பிடிக்காமல் இருப்பதும் நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டு அப்படியே நின்றான். பிறகுதான் மேடம் சொன்னது நினைவுக்கு வந்தது. கையை மெல்லத் தூக்கினான். அவருடைய காதுக்குப் பக்கத்தில் விரல்களை ஆட்டினான். நூலை நாக்கில் நனைத்து ஊசியில் ஒரே தடவையில் கோத்தார் அந்த அம்மா. பக்கத்தில் ஒரு ஆள் நிற்பது அவருக்குத் தெரியவில்லை.

"யாரு நீங்க? அத்தை காதுகிட்ட என்ன பண்றீங்க?" என்றது ஒரு குரல். உள்ளேயிருந்து இஸ்திரிப் பெட்டியோடு மருமகள் வந்திருந்தாள்.

"அம்மா, நான்தான். கண்ணாஸ்பத்திரியிலேருந்து" என்றான் கிளி.

அந்த அம்மா தோள், இடுப்பு எல்லாம் சேர்ந்து முழுசாகத் திரும்பினார். கண்ணைச் சுருக்கித் தேடிப் பிடித்தார். "சொல்லுங்க தம்பி" என்றார்.

கிளிக்குக் கண் கலங்கிவிட்டது. சுற்றி வளைக்கவில்லை. "அன்னைக்கு நான் செஞ்சு காட்டினது உங்களத்தாம்மா. வேற ஒருத்தங்கன்னு சொன்னது பொய். டெஸ்ட் கெட்டதும் என்னாலதான். நான் பேசிப் பேசி உங்களத் திருப்பிவிட்டுட்டு, பழிய உங்க மேல எழுதி வச்சேன். என்ன மன்னிச்சிடுங்க. என்மேல கோவம்னா வேற ஆள வச்சு எடுக்கச் சொல்றேன். ஆனா நீங்க வந்தே ஆகணும்."

"கோவமா?" அந்த அம்மா ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். "கோவம் இல்ல தம்பி. வெக்கம். வெளிய அத்தன பேர் உக்காந்திருந்தாங்க, அவங்கெல்லாம் செய்யறது எனக்கு மட்டும் செய்ய வரலையேன்னு. மூணாவது தடவையும் வந்து உங்க நேரத்தக் கெடுக்கணுமான்னு இருந்துச்சு. அதான் வரல."

திட்டுவார் என்று வந்தவனுக்கு இது திட்டைவிட மோசமாக விழுந்தது. தன்னிடம் இருக்க வேண்டிய வெட்கத்தை அந்த அம்மா இத்தனை நாள் வீட்டில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மருமகள் இஸ்திரிப் பெட்டியை இன்னும் கையிலேயே வைத்திருந்தாள். "கதவுல இடிச்சுக்கறாங்க, பக்கத்துல வச்ச டீயத் தட்டிவிடறாங்க. கவனமே இல்லன்னு நானும் தினம் கத்துறேனே. அது கண்ணுதானா?" என்றாள். அவள் கேள்வி கிளியிடம் இருந்தாலும் பார்வை மாமியார் மேல் இருந்தது.

"கண்ணுதான் போலக்கா" என்றான் கிளி.

அன்றே மூவரும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். கிளி முதலில் சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி மேசை இழுப்பறைக்குள் போட்டான். பிறகு அந்த அம்மாவின் எதிரே, நேராகப் பார்க்கிற இடத்தில், ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அம்மா, ஆரம்பிச்சப்புறம் நான் வாயே திறக்கமாட்டேன். ஆனா இங்கயேதான் இருப்பேன். கருவி கீச்சுன்னு கத்தும், கத்தட்டும். வெளிச்சம் பல தடவ தெரியாமப் போகும், அது எல்லாருக்கும்தான், அப்படித்தான் செஞ்சு வச்சிருக்காங்க. களைப்பா இருந்தாப் பொத்தான அழுத்திப் பிடிச்சுக்கங்க, தானா நிக்கும். இப்ப உங்க தோளத் தொட்டு நாற்காலியச் சரி பண்றேன்."

"இவ்வளவுதானா?" என்றார் அவர். "இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே தம்பி."

சொல்லியிருக்கலாம்தான். விளக்கை அணைத்தான். இருட்டில் பொத்தானின் சத்தம் மட்டும் கேட்டது. முதலில் டக், டக் என்று வந்தது. பிறகு வெகு நேரம் ஒன்றும் இல்லை. திரையில் அந்தக் கண் நடுவிலேயே ஆடாமல் அசையாமல் நின்றது, ஒருமுறைகூட நகரவில்லை. கருவி வெளிச்சத்தை இடது ஓரமாக மாற்றி மாற்றிக் காட்டுவதைக் கிளி பார்த்துக்கொண்டிருந்தான். பொத்தான் பேசவே இல்லை. அழுத்துங்க, அழுத்துங்க என்று கத்த வேண்டும் போல வந்தது அவனுக்கு. நாக்கைக் கடித்துக்கொண்டான்.

சோதனை சுத்தமாக வந்தது. அதில் தெரிந்ததுதான் சுத்தமாக இல்லை. இடது கண்ணில் நடுவே ஒரு துளியைத் தவிர மற்றதெல்லாம் கருப்பு. வலது கண்ணிலும் மூக்குப் பக்கம் கருப்பு ஏறியிருந்தது.

மேடம் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்ற அறுவை சிகிச்சை உடனே வேண்டும், செய்தால் ஊசியில் நூல் கோக்கிற பார்வையாவது தங்கும் என்றார். அவர்கள் மருந்துச் சீட்டோடு வெளியே போனதும், கிளி கதவருகே நின்றான்.

"முதல் தடவையே சரியா எடுத்திருந்தா மேடம்?"

மேடம் பூசி மெழுகவில்லை. "இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கலாம். எவ்வளவுன்னு யாராலயும் சொல்ல முடியாது" என்றார்.

அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதுதான் அன்றிலிருந்து அவன் கூடவே வரப்போகிறது. அளந்து சொல்லியிருந்தால்கூட ஒரு நாள் இறக்கி வைத்திருக்கலாம்.

மருமகள் மருந்து வாங்க வரிசையில் நின்றாள். அந்த அம்மாவை வாசல் வரை கூட்டிக்கொண்டு போய் உட்கார வைக்கிறேன் என்று கிளி கிளம்பினான். பழக்க தோஷத்தில் இடது பக்கமாகவே வந்தான். மேடம் சொன்ன வார்த்தை மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பேசிப் பேசித்தானே கெடுத்தோம், இனி இவரிடம் வாயைத் திறக்கவே கூடாது என்று தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்தான். நடைபாதையின் பாதியில் அந்த அம்மா நின்றுவிட்டார். கையை முன்னால் நீட்டித் துழாவினார்.

"தம்பி? போயிட்டீங்களா?"

"இல்லம்மா. இங்கதான் இருக்கேன். உங்க இடது பக்கம்."

"பேசிட்டே வாங்க தம்பி. உள்ள பேசக் கூடாது சரி, வெளியிலயும் வாய மூடிட்டா எப்படி? நீங்க பேசாட்டி எனக்கு நீங்க இல்ல."

"என்னம்மா பேசறது?"

"அன்னைக்கு அந்த அறையில அத்தன பேரும் அப்படிச் சிரிச்சாங்களே, அதச் செஞ்சு காட்டுங்க. நான் எப்படித் திரும்புறேன்னு எனக்குத் தெரியாதில்ல. என் மருமகளும் பாத்திருக்கா, நீங்களும் பாத்திருக்கீங்க, நான் மட்டும்தான் பாக்கல."

கேலியா, குத்தலா, உண்மையாகவே கேட்கிறாரா என்று கிளிக்குப் பிடிபடவில்லை. அவர் காத்துக்கொண்டிருந்தார். கிளி வாயைத் திறந்தான். யார் குரலைக் கேட்டாலும் வந்து உட்காருகிற தொண்டையில் அந்தக் குரல் வரவில்லை. இன்னொரு தடவை முயன்றான். காற்றுதான் வந்தது.

"வரலையா தம்பி?" என்றார் அந்த அம்மா.

"வரலம்மா" என்றான் கிளி. பிறகு தன் சொந்தக் குரலில், அது இவ்வளவு சின்னக் குரல் என்று அதுவரை அவனுக்கே தெரியாது, "இங்க ஒரு படி இருக்கும்மா. இடது கால முன்னாடி வைங்க. நான் கையப் பிடிச்சுக்கறேன்" என்றான்.

அவர் அவன் குரல் வந்த பக்கம் முழுசாகத் திரும்பிப் பார்த்துவிட்டு, காலை இறக்கி வைத்தார்.